சாங்ஷன்: ஒரே சொல் அனுமதியாகவும் தடையாகவும் எப்படி வருகிறது?

திருச்சி_தேர்வர்

அனைவருக்கும் வணக்கம். வங்கித் தேர்வுக்காக ஆங்கில நாளிதழைப் படித்து, புரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அண்மையில் ஒரே பக்கத்தில் வந்த இரண்டு செய்திகள் என்னைக் குழப்பிவிட்டன. ஒன்றில், மாநில அரசு ஒரு மேம்பாலத்துக்கான நிதியைச் 'சாங்ஷன்' செய்தது என்று இருந்தது. மற்றொன்றில், அமெரிக்க அரசு ஒரு கப்பல் நிறுவனத்தைச் 'சாங்ஷன்' செய்தது என்று இருந்தது. பாலத்துக்குப் பணம் கிடைத்திருக்கிறது. கப்பல் நிறுவனத்துக்கோ கையில் இருந்த பணமும் முடங்கியிருக்கிறது. ஆனால் வினைச்சொல் ஒன்றுதான், அதன் இறந்தகால வடிவமும் ஒன்றுதான்.

பயிற்சி மையத்தில் இதற்கு ஒரு சுருக்கு விதி சொல்லித் தந்தார்கள்: ஒருமையில் வந்தால் அனுமதி, பன்மையில் வந்தால் தடை. பெயர்ச்சொல்லுக்கு அது பொருந்துவதாகவே தெரிகிறது. வினைச்சொல்லுக்கு அந்த விதி எப்படி உதவும் என்று கேட்டதற்கு, இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும் என்று மட்டும் பதில் வந்தது. எந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அத்துடன், நேர் எதிரான இரண்டு பொருள்கள் ஒரு சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் யாராவது விளக்கினால் நினைவில் வைத்துக்கொள்ள எளிதாக இருக்கும்.

பழைய_காசாளர்

தம்பி, வங்கியில் கடன் பிரிவிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்தச் சொல்லின் முதல் பாதியை மட்டும் சொல்கிறேன். நீங்கள் வங்கி வேலைக்குப் போகப் போகிறவர் என்பதால் இது தேர்வுக்குப் பிறகும் உதவும்.

சாங்ஷன் என்பதை 'அனுமதி' என்று மட்டும் எழுதிவைத்துக்கொண்டால் பாதிதான் பிடிபடும். வீட்டுக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். சாங்ஷன் கடிதம் வந்த அன்றே பணம் வந்துவிட்டதாக நினைத்து, மேஸ்திரிக்கு முன்பணம் பேசிவிட்டு வங்கிக்கு வருபவர்கள் உண்டு. அந்தக் கடிதத்தில் இருப்பது என்ன? இவ்வளவு தொகை வரை, இந்த வட்டியில், இத்தனை ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாக இருந்தால், இன்னின்ன பத்திரங்களை ஒப்படைத்தால், இந்தத் தேதிக்குள் வாங்கிக்கொண்டால் கடன் தரச் சம்மதம் என்று அதிகாரம் உள்ள ஒருவர் கையெழுத்திட்டுச் சொல்லியிருப்பார். பணம் கைக்கு வருவது அதற்குப் பிறகு, அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டடம் எழும்ப எழும்பத் தவணை தவணையாக. அதற்குப் பெயர் டிஸ்பர்ஸ்மென்ட். சாங்ஷன் ஆகியும் ஒரு ரூபாய்கூட வாங்காமல் காலாவதியான கடன்கள் ஒவ்வொரு கிளையிலும் இருக்கும்.

சரக்கை ஈடாகக் காட்டி வணிகர்கள் தேவைக்கேற்பப் பணம் எடுத்துக்கொள்ளும் கேஷ் கிரெடிட் கணக்கில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு ஜவுளிக் கடைக்குப் பத்து லட்சம் ரூபாய் சாங்ஷன் லிமிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் அவர் கொடுக்கும் சரக்கு விவரப்படி எட்டு லட்சத்துக்குத்தான் சரக்கு இருக்கிறது, மார்ஜின், அதாவது அவர் சொந்தமாகப் போட வேண்டிய பங்கு, 25 சதவீதம் என்றால் அவர் எடுக்கக்கூடியது ஆறு லட்சம்தான். இந்த ஆறு லட்சத்துக்கு டிராயிங் பவர் என்று பெயர். பத்து லட்சம் என்பது உச்ச வரம்பு. அதைத் தாண்டக் கூடாது என்ற எல்லைக்கோடும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே வங்கியில் இந்தச் சொல் வரும்போதெல்லாம் அதிகாரம், நிபந்தனை, வரம்பு ஆகிய மூன்றும் கூடவே வரும். வெறும் 'சரி, செய்துகொள்' என்ற தலையாட்டலுக்கு யாரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

பயிற்சி மைய விதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற நிதி நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளைப் பாருங்கள். 'சாங்ஷன்ஸ் அண்ட் டிஸ்பர்ஸ்மென்ட்ஸ்' என்று பன்மையில்தான் போடுவார்கள். அங்கே தடையும் இல்லை, தண்டனையும் இல்லை. அத்தனையும் ஒப்புதல் அளித்த கடன்கள். அந்த விதியை வைத்துக்கொண்டு அந்த அறிக்கையைப் படித்தால் நிறுவனமே முடங்கிப்போனதாகத் தோன்றும்.

கோப்பு_எண்

அரசு அலுவலகத்திலும் காசாளர் ஐயா சொன்ன அதே பொருள்தான். தமிழக அரசாணைகளில் இதற்கு 'ஒப்பளிப்பு' என்ற சொல் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. 'நிதி ஒப்பளிப்பு செய்து ஆணையிடப்படுகிறது' என்ற வரியை எழுதாத பிரிவு எழுத்தர் இருக்க மாட்டார். ஒரு கட்டுமானப் பணிக்கு முதலில் நிர்வாக ஒப்பளிப்பு, அதாவது இந்தப் பணி தேவை, இந்தத் தொகைக்குள் செய்யலாம் என்ற முடிவு; அதன் பிறகு விரிவான மதிப்பீட்டைப் பொறியாளர் சரிபார்த்துத் தரும் தொழில்நுட்ப ஒப்பளிப்பு. இரண்டும் இல்லாமல் ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது.

ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கள் கோப்புகளில் இந்தப் பெயர்ச்சொல்லோடு 'அக்கார்டு' என்ற வினைதான் சேரும்: 'சாங்ஷன் இஸ் அக்கார்டட்'. 'கிவன்' என்றாலும் பிழையில்லை. ஊழியர் ஒருவர் சேமநல நிதியில் முன்பணம் கேட்டாலும் இதே தொடர்தான், ஒரு துறைக்குப் புதிய பணியிடங்கள் கிடைத்தாலும் இதே தொடர்தான். அனுமதிக்கப்பட்ட பணியிட எண்ணிக்கையைச் 'சாங்ஷன்டு ஸ்ட்ரெங்த்' என்பார்கள். உச்ச நீதிமன்றத்துக்கு அந்த எண்ணிக்கை 2019-இல் தலைமை நீதிபதி உட்பட 34 ஆக உயர்த்தப்பட்டது என்று நாளிதழில் படித்திருப்பீர்கள். உங்கள் வீட்டு மின் இணைப்புக்கும் 'சாங்ஷன்டு லோடு' என்று ஒரு கிலோவாட் கணக்கு உண்டு. இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும், அனுமதி என்பது அளவோடு வருவதைக் கவனியுங்கள்.

சுவடிக்கட்டு

மேலே இருவரும் சொன்ன 'அளவு', 'நிபந்தனை' என்ற செய்திதான் இரண்டாவது பொருளுக்குப் போகும் பாலம் என்று நினைக்கிறேன். நான் செய்தி மொழிபெயர்ப்பில் இருப்பவன். இந்தச் சொல்லோடு அடிக்கடி மல்லுக்கட்டியதால் இதன் பிறப்பைத் தேடிப் படித்திருக்கிறேன்.

இலத்தீனில் 'சாங்கிரே' என்ற வினைக்கு, புனிதச் சடங்கின் மூலம் ஒன்றை மீற முடியாததாக ஆக்குதல் என்பது பொருள். புனிதரைக் குறிக்கும் 'செயின்ட்', புகலிடத்தைக் குறிக்கும் 'சாங்சுவரி' ஆகிய சொற்களும் இதே வேரில் பிறந்தவைதான். அந்த வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான் 'சாங்க்டியோ'. ரோமானியச் சட்டத்தில் அதற்கு ஒரு குறிப்பான பொருள் இருந்தது. சட்டத்தை மீறுபவர்களுக்கு என்ன தண்டனை என்று சொல்லும் பகுதியையே 'சாங்க்டியோ' என்று அழைக்கிறோம் என, 533-ஆம் ஆண்டில் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல் சொல்கிறது. ஆக, ஒன்றைச் சட்டமாக உறுதிப்படுத்துவதும் அந்த உறுதிக்குப் பற்களாக இருக்கும் தண்டனையும் ஒரே சொல்லின் இரு முகங்களாகத் தொடக்கத்திலேயே இருந்திருக்கின்றன. எதிரெதிரான இரண்டு பொருள்கள் எங்கிருந்தோ வந்து மோதிக்கொண்டதாக நினைப்பதால்தான் திகைப்பு உண்டாகிறது.

ஐரோப்பிய வரலாறு படித்தவர்களுக்கு 1713-இல் புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் பிறப்பித்த 'பிரக்மாட்டிக் சாங்ஷன்' நினைவுக்கு வரும். மகன் இல்லாவிட்டால் மகள் ஆட்சிக்கு வரலாம் என்று உறுதிசெய்த ஆணை அது. மரியா தெரசா அரியணை ஏறியது அதன் வழியாகத்தான். அங்கே இந்தச் சொல்லுக்கு 'மாற்ற முடியாத அரசாணை' என்பதே பொருள். ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியான தம் நூலில் இயற்கை, அரசு, ஊர்வாய், சமயம் என்று நால்வகை சாங்ஷன்களைச் சொல்கிறார். ஒரு விதியைக் கடைப்பிடிக்கும்படி மனிதனைக் கட்டுப்படுத்துகிற இன்பதுன்பங்களின் ஊற்றுகளுக்கு அவர் வைத்த பெயர் அது. 'ஊர்வாய்' என்பது நான் வைத்த பெயர். அவர் சொன்னது ஒழுக்கம் சார்ந்த அல்லது பொதுமக்கள் கருத்து சார்ந்த சாங்ஷன்.

நாடுகளுக்கு எதிரான நடவடிக்கை என்ற பொருள் முதல் உலகப் போருக்குப் பிறகு ஊன்றியது. ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகளின் சங்கத்தின் உடன்படிக்கையில் 16-ஆவது பிரிவு, உடன்பாட்டை மீறிப் போர் தொடுக்கும் நாட்டோடு வணிக, நிதி உறவுகளைத் துண்டிக்க வழிசெய்தது. அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக 1935-இல் அது பயன்படுத்தப்பட்டது. ஆனால் எண்ணெயை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டே எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டார்கள். ஐ.நா. சாசனத்தில் இதற்கு இணையான 41-ஆவது பிரிவில் 'சாங்ஷன்' என்ற சொல்லே இல்லை. படைபலம் சாராத நடவடிக்கைகள் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் 1966-இல் ரொடீசியாவுக்கு (இன்றைய ஜிம்பாப்வே) எதிராகப் பாதுகாப்பு அவை எடுத்த நடவடிக்கை முதல் இன்றுவரை உலகமே இதைச் சாங்ஷன்ஸ் என்றுதான் அழைக்கிறது.

வினைச்சொல் தண்டனைப் பொருளில் வருவது இதற்கெல்லாம் பிந்தியது, இருபதாம் நூற்றாண்டு வழக்கு. அனுமதிப் பொருளில் வரும் வினைதான் மூத்தது.

குறுஞ்செய்தி

ஜஸ்டினியனைத் தெரிந்துகொண்டு தேர்வு அறைக்குள் போனால் இருபது நொடியில் விடை குறிக்க முடியுமா? தேர்வர் கேட்டது அடையாளம் காணும் வழி.

சுவடிக்கட்டு

நியாயமான கேள்வி. வினைச்சொல்லாக வந்தால் செயப்படுபொருளைப் பாருங்கள். செயல், திட்டம், தொகை, பதவி ஆகியவற்றில் ஒன்று செயப்படுபொருளாக இருந்தால் அனுமதி. ஆள், நிறுவனம், நாடு ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் தண்டனை. பாலத்துக்கான நிதி என்பது தொகை. கப்பல் நிறுவனம் என்பது நிறுவனம். முதல் பதிவில் இருக்கும் இரண்டு வாக்கியங்களும் இந்த ஒரு சோதனையிலேயே பிரிந்துவிடும். பெந்தாமை மறந்துவிட்டாலும் குற்றமில்லை.

வாதி_பிரதிவாதி

செயப்படுபொருள் சோதனை நன்றாக இருக்கிறது. நீதிமன்றச் செய்திகளில் இது எவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அமெரிக்க நாளிதழ்கள் அந்த வழக்கறிஞர்கள் 'சாங்ஷன்டு' என்று தலைப்பிட்டன. நம் ஊர் நீதிமன்ற வளாகத்தில் வளர்ந்த ஒருவர் அந்தத் தலைப்பை மட்டும் பார்த்தால், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த வழக்கறிஞர்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்றே நினைப்பார். ஏனென்றால் இங்கே இந்தச் சொல்லின் முதன்மையான பயன்பாடு, அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசு தர வேண்டிய முன் அனுமதிதான்.

அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197-ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 218-ஆவது பிரிவாக இருக்கிறது. புதிய சட்டத்தில் 120 நாள்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். இதை 'டீம்டு சாங்ஷன்' என்பார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவும் இதே வகையைச் சேர்ந்தது.

தேர்வர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 'அந்த அதிகாரி மீதான வழக்கை அரசு சாங்ஷன் செய்தது' என்று ஆங்கிலத்தில் வந்தால், அந்த அதிகாரிக்கு அது கெட்ட செய்தி, ஆனாலும் சொல்லுக்கு அனுமதி என்பதே பொருள், ஏனென்றால் செயப்படுபொருள் வழக்கு, அதிகாரி அல்லர். 'அந்த அதிகாரியை அரசு சாங்ஷன் செய்தது' என்று வந்தால் வழக்கே இல்லாமல் நேரடியாகத் தண்டித்துவிட்டதாக ஆகும். யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று வைத்துப் பொருள் கொள்ள முயன்றால் தவறிவிடும்.

பனையடி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடாவில் இருப்பவள். சுவடிக்கட்டு அவர்களிடமும் இங்குள்ள மற்ற மொழிபெயர்ப்பாளர்களிடமும் ஒரு முறைப்பாடு இருக்கிறது.

2023 ஜனவரியில் கனடிய அரசு இலங்கையின் இரண்டு முன்னாள் ஜனாதிபதிகள் உட்பட நால்வர் மீது சாங்ஷன்ஸ் அறிவித்தது. தமிழ்ச் செய்திகள் அனைத்தும் 'கனடா தடை' என்று எழுதின. சொத்து முடக்கம் ஒரு விடயம், நாட்டுக்குள் நுழைய முடியாமை வேறொரு விடயம், இயக்கம் ஒன்றைச் சட்டவிரோதமாக்குவது முற்றிலும் வேறு. அன்றைய அறிவிப்பு முதலிரண்டையும் சேர்ந்தது. ஆனால் 'தடை' என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பக்கத்து வாசகருக்கு மூன்றாவதுதான் முதலில் நினைவுக்கு வரும், ஏனெனில் 'தடைசெய்யப்பட்ட இயக்கம்' என்று அத்தனை ஆண்டுகள் கேட்டிருக்கிறோம். அதற்கான ஆங்கிலச் சொற்கள் 'பான்' அல்லது 'புரஸ்கிரைப்'. 1992-இல் இந்தியா விடுதலைப் புலிகள் அமைப்புக்குச் செய்தது அது. அதையும் இதையும் ஒரே சொல்லால் எழுதினால் எப்படிப் பிரித்தறிவது?

'பொருளாதாரத் தடை' என்று எழுதினாலும் சிக்கல் தீரவில்லை. 1990-களில் வடக்கில் வாழ்ந்தவர்களுக்குப் பொருளாதாரத் தடை என்றால் பெற்றோல், பற்றரி, சீமெந்து முதலியவற்றைச் சொந்த அரசே எங்கள் பகுதிக்குள் விடாமல் நிறுத்தியது என்றுதான் பொருள். பற்றரி கிடைக்காததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் இழுபடும். அதற்குரிய ஆங்கிலச் சொல் 'எம்பார்கோ'. சாங்ஷன்ஸ் என்பது பெரிய குடை. எம்பார்கோ அதற்குள் அடங்கும் ஒரு வகை. ஒரு தனிமனிதரின் வங்கிக் கணக்கை முடக்குவதற்கும் ஒரு நிலப்பரப்புக்கே சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் போகாமல் தடுப்பதற்கும் தமிழில் ஒரே பெயர் இருப்பது சரியாகப்படவில்லை.

சுவடிக்கட்டு

அம்மா, முறைப்பாடு முற்றிலும் நியாயமானது. செய்தி மேசையில் தலைப்புக்குக் கிடைக்கும் இடம் குறைவு என்பதால் 'தடை' வசதியாகிவிட்டது. தனிமனிதர்கள் மீதான நடவடிக்கைக்குத் 'தண்டத் தடை' என்று சில முறை எழுதிப் பார்த்தேன். ஆசிரியர் குழு ஏற்கவில்லை. என்ன நடவடிக்கை என்று வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்: 'சொத்து முடக்கமும் பயணத் தடையும்' என்று எழுதினால் சில சொற்கள் கூடும், ஆனால் யாருக்கும் ஐயம் வராது.

தமிழாசிரியை

பள்ளியில் தமிழ் கற்பிப்பவள் நான். இரண்டு எதிர்ப் பொருள்கள் ஒரு சொல்லில் இருப்பது ஆங்கிலத்தின் விந்தை என்பதுபோல் பேசிக்கொண்டிருப்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நம்மிடம் 'விலக்கு' இருக்கிறது. மதுவிலக்கு என்றால் மது கூடாது என்று அரசு தடுப்பது. வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம் என்று அரசு விடுவிப்பது. முன்னதில் குடிமகனின் கை கட்டப்படுகிறது, பின்னதில் அவிழ்க்கப்படுகிறது. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும் சரி, இன்று பட்ஜெட்டில் வரிவிலக்கு அறிவிக்கும்போதும் சரி, யாரும் குழம்புவதில்லை. சொல்லுக்கு அடிப்படைப் பொருள் 'அப்பால் தள்ளுதல்' என்பது நமக்குள் ஊறியிருக்கிறது. எதைத் தள்ளுகிறார்கள் என்பதை முன்னால் இருக்கும் சொல் காட்டிவிடுகிறது. சாங்ஷன் என்ற சொல்லுக்கும் 'அதிகாரத்தால் உறுதிப்படுத்துதல்' என்ற அடிப்படையை மாணவர் ஊறவைத்துக்கொண்டால் மீதி தானாக வரும் என்று நினைக்கிறேன்.

குறுஞ்செய்தி

ஒப்புமை அழகாக இருக்கிறது, ஆனால் முழுவதும் பொருந்தவில்லை. 'விலக்கு' தொகையாக வருவதால் முன்னொட்டுச் சொல் காப்பாற்றிவிடுகிறது. 'சாங்ஷன்' தனியாக வருகிறதே.

தமிழாசிரியை

அதுவும் பெரும்பாலும் துணையோடுதான் வருகிறது. எக்கனாமிக், டிரேட் என்ற சொற்கள் முன்னால் வந்தால் தண்டனை. லோன், பட்ஜெட் என்று வந்தால் அனுமதி. பின்னால் வரும் துணையையும் பாருங்கள். 'சாங்ஷன்ஸ் ஆன்', 'சாங்ஷன்ஸ் அகெய்ன்ஸ்ட்' என்று நாட்டின் பெயரோடு வந்தால் தண்டனை. 'சாங்ஷன் ஃபார்', 'வித் தி சாங்ஷன் ஆஃப்' என்று வந்தால் பெரும்பாலும் அனுமதி. 'இம்போஸ்', 'லிஃப்ட்', 'ஈஸ்' ஆகிய வினைகள் தண்டனைப் பொருளோடு மட்டும் சேரும். 'அக்கார்டு', 'அப்டெயின்', 'சீக்' ஆகியவை அனுமதியோடு சேரும். சொல்லைத் தனியாக நோட்டில் எழுதாமல் இந்தச் சேர்க்கைகளோடு எழுதும்படி என் மாணவர்களுக்கும் சொல்வதுண்டு.

வாதி_பிரதிவாதி

'சாங்ஷன் ஃபார்' என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சட்ட நூல்களில் 'ஒப்பந்த மீறலுக்கான சாங்ஷன்' என்றால் மீறினால் கிடைக்கும் தண்டனை. வழக்குத் தொடர்வதற்கான சாங்ஷன் என்றால் அனுமதி. 'அல்டிமேட் சாங்ஷன்' என்பது ஒருமைதான், ஆனால் மிகக் கடுமையான தண்டனையை, சில இடங்களில் மரண தண்டனையையே குறிக்கும். பயிற்சி மைய விதியைக் காசாளர் ஐயா பன்மைப் பக்கத்தில் உடைத்தார். இது ஒருமைப் பக்கத்தில் உடைக்கிறது.

திருச்சி_தேர்வர்

எல்லோருக்கும் நன்றி. செயப்படுபொருள் சோதனையை வைத்துக்கொண்டு பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். பெரும்பாலான வாக்கியங்கள் தெளிவாகிவிட்டன. 'அந்தத் திருமணத்தைச் சாங்ஷன் செய்யத் திருச்சபை மறுத்தது': திருமணம் செயல், ஆகவே அனுமதி. 'வாரியம் அந்த வீரரைச் சாங்ஷன் செய்தது': வீரர் ஆள், ஆகவே தண்டனை. 2007-இல் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீக் பற்றிய பழைய கட்டுரையில் 'அன்சாங்ஷன்டு' என்று இருந்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் அங்கீகாரம் பெறாத போட்டி என்று புரிந்துகொண்டேன்.

இரண்டு இடங்களில் மட்டும் சோதனை பலிக்கவில்லை. ஒன்று, 'சாங்ஷன்டு ஆயில்'. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட், லூக்காயில் நிறுவனங்கள் மீது 2025 அக்டோபரில் அமெரிக்கா எடுத்த நடவடிக்கைக்குப் பிறகு, இந்திய சுத்திகரிப்பு ஆலைகள் பற்றிய செய்திகளில் இது அடிக்கடி வந்தது. எண்ணெய் பொருள்தானே, சோதனைப்படி 'அனுமதிக்கப்பட்ட எண்ணெய்' என்று ஆக வேண்டும். ஆனால் செய்தி நேர் எதிராக இருக்கிறது. இரண்டாவது, 'ஸ்டேட் சாங்ஷன்டு', 'யு.எஸ். சாங்ஷன்டு', 'யு.என். சாங்ஷன்டு' என்று ஒட்டிவரும் அடைமொழிகள். இவற்றுக்குச் செயப்படுபொருளை எங்கே தேடுவது?

சுவடிக்கட்டு

நல்ல கண். 'சாங்ஷன்டு ஆயில்' என்பது செய்தியாளர்களின் சுருக்கெழுத்து. நடவடிக்கைக்கு உள்ளானது எண்ணெயை விற்கும் நிறுவனமும் அதைச் சுமக்கும் கப்பலும். கப்பல்களை அவற்றின் பதிவு எண்ணோடு அமெரிக்கக் கருவூலத் துறையின் பட்டியலில் சேர்ப்பார்கள். ஆகவே கப்பல் அங்கே ஆளைப்போல நடத்தப்படுகிறது. விற்பவர் மீது விழுந்த சொல் சரக்கின் மீதும் ஒட்டிக்கொண்டது. பொருள்கள் வரும்போது, அது வெளிநாட்டு வணிகச் செய்தியா என்று ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடைமொழிகளுக்கு அதன் பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் செயப்படுபொருள். 'ஸ்டேட் சாங்ஷன்டு வயலன்ஸ்' என்றால் அரசே அனுமதித்த வன்முறை, வன்முறை செயல். 'யு.எஸ். சாங்ஷன்டு' என்பதற்குப் பின்னால் செய்திகளில் பெரும்பாலும் நிறுவனமோ ஆளோ வருவதால் தண்டனைப் பொருள். 'யு.என். சாங்ஷன்டு' என்பதுதான் இரு பக்கமும் சாயும். பின்னால் 'மிஷன்' வந்தால் ஐ.நா. ஒப்புதலோடு சென்ற படை; 'இண்டிவிஜுவல்' வந்தால் ஐ.நா. பட்டியலில் சொத்து முடக்கப்பட்டவர்.

பழைய_காசாளர்

இது தேர்வுக்கு அப்பாற்பட்டது. வங்கியில் சேர்ந்த பிறகு வெளிநாட்டுப் பணப் பரிமாற்றப் பிரிவில் அமர்ந்தால், இரண்டு பொருளும் ஒரே மேசைக்கு வரும். ஏற்றுமதியாளருக்குக் கடன் சாங்ஷன் செய்யும் முன்பு, வாங்குபவரின் பெயரும் கப்பலின் பெயரும் சாங்ஷன்ஸ் பட்டியலில் இருக்கிறதா என்று கணினியில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதைச் 'சாங்ஷன்ஸ் ஸ்கிரீனிங்' என்பார்கள். பெயர் ஒத்துப்போனால் கோப்பு அங்கேயே நிற்கும்.

குறுஞ்செய்தி

தேர்வரே, படிக்கும்போது மேலே சொன்னதெல்லாம் உதவும். விரிவான விடை எழுதும் தாளில் நீங்களே இந்தச் சொல்லைப் பயன்படுத்த நேர்ந்தால், தண்டனைப் பொருளுக்கு வினையைத் தொடாதீர்கள். 'இம்போஸ்டு சாங்ஷன்ஸ் ஆன்' என்று பெயர்ச்சொல்லாக்கி எழுதுங்கள். வினைக்குப் பின்னால் 'ஆன்' சேர்த்து 'சாங்ஷன்டு ஆன்' என்று எழுதினால் பிழை. அனுமதிப் பொருளுக்கு 'அப்ரூவ்டு' என்ற சொல் எப்போதும் கைகொடுக்கும்.

திருச்சி_தேர்வர்

நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் இதற்கே போய்விட்டது. பனையடி அக்கா சொன்ன 'எம்பார்கோ', 'புரஸ்கிரைப்' இரண்டையும் அடுத்த பக்கத்தில் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். 'ஓவர்சைட்' என்ற சொல்லிலும் இதேபோன்ற சிக்கல் இருப்பதாகத் தெரிகிறது. கண்காணிப்பு என்றும் வருகிறது, கவனக்குறைவு என்றும் வருகிறது. அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.